மலையில் சுமக்க ஒரு கேமரா தோள்பை: எதைப் பார்த்து வாங்குவது

கேமரா பை வாங்குகிறவர்களில் பலர் கோவையிலோ மதுரையிலோ, ஏசி ஓடும் கடைக்குள் டி-ஷர்ட்டோடு நின்று, காலிப் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு பில் போடச் சொல்கிறார்கள். அந்த நிலையில் எந்தப் பையும் நன்றாகத்தான் இருக்கும். அதே பைக்குள் மூன்று கிலோ ஏறி, ஸ்வெட்டருக்கும் ஜெர்கினுக்கும் மேலே தொங்கி, குன்னூர்த் தேயிலைச் சரிவில் ஒரு மணி நேரம் சாரல் பட்ட பிறகு எப்படி இருக்கும்? மலையில் படம் எடுக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. எத்தனை லென்ஸ் பிடிக்கும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு ஈரம் தாங்கும், நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

தோள்பையா, முதுகுப்பையா என்ற வாதத்தை இங்கேயே முடித்துவிடுவோம். பெரும்பாலான முதுகுப்பைகளைக் கழற்றிக் கீழே வைத்தால்தான் கேமரா கையில் வரும். மழைக்காலச் சோலைக்குள் கீழே வைக்க உலர்ந்த இடம் இருக்காது. வைத்தால் அட்டை ஏறும். தோள்பையை முன்னால் இழுத்து, நின்ற இடத்திலேயே லென்ஸ் மாற்றலாம். கோடநாடு காட்சிமுனையிலோ கொடைக்கானல் தூண் பாறையிலோ மூடுபனி விலகுவது சில நாள் அரை நிமிடம்தான், அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். ஆனால் பையோடு சேர்த்து நான்கு கிலோவைத் தாண்டினால் ஒற்றைத் தோள் அரை நாளில் கெஞ்ச ஆரம்பிக்கும். வரையாடு, பறவை என்று 150-600 மி.மீ. டெலி லென்ஸோடு அலைகிறவர்கள் தோள்பையை மறந்துவிடலாம். சிக்மாவின் எடை குறைந்த 150-600 லென்ஸே ஏறக்குறைய 1.9 கிலோ, சோனியின் 200-600 லென்ஸ் 2.1 கிலோ. அந்த எடைக்கு இரண்டு தோளும் இடுப்புப் பட்டையும் வேண்டும்.

முதலில் தராசு

கடைக்குப் போகும் முன் உங்கள் சாமான்களைச் சமையலறைத் தராசில் வையுங்கள். கைக்கணக்கு எப்போதும் குறைவாகத்தான் சொல்லும். கேனான் 1500டி உடல் பேட்டரியோடு 475 கிராம், 18-55 லென்ஸ் 200, 55-250 எஸ்டிஎம் லென்ஸ் 375. உபரி பேட்டரி, சார்ஜர், துணி, கார்டு என்று இன்னொரு 250 கிராம் சேர்த்தாலும் 1.3 கிலோ. இதற்குச் சின்னப் பையே தாராளம். இன்னொரு பக்கம், கேனான் ஆர்6 மார்க் 2 உடல் 670 கிராம், ஆர்எஃப் 24-105 எஃப்4 லென்ஸ் 700, 70-200 எஃப்2.8 லென்ஸ் 1,070. உதிரிகள் 400 கிராம் என்று வைத்தால் 2.8 கிலோ. பையின் எடை இனிமேல்தான் சேர வேண்டும்.

தடித்த திணிப்பும் தோல் அலங்காரமும் உள்ள பைகள் காலியாகவே ஒன்றரை கிலோவுக்கு மேல் போவதுண்டு. உள்ளே வைக்கும் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பையே எடை போட்டால் அதை விட்டுவிடுங்கள். மூன்று கிலோ சாமானுக்கு ஒரு கிலோப் பை என்பது எல்லைக்கோடு.

தண்ணீர் பாட்டிலையும் கணக்கில் எடுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் எல்லோரும் எஃகு பாட்டிலோடுதான் ஏறுகிறார்கள். 750 மில்லி பாட்டில் நிறைந்திருந்தால் ஒரு கிலோ. அதை கேமரா பையின் பக்கவாட்டுப் பையில் செருகினால் எடை கூடுவது மட்டுமல்ல, பை ஒருபக்கமாகச் சாய்ந்து மூடியில் இடைவெளி விழும். அந்த வழியாகச் சாரல் உள்ளே போகும். பாட்டில் இன்னொரு தோளில் தனியாகத் தொங்கட்டும், அல்லது கூட வருகிறவர் சுமக்கட்டும்.

உள்ளளவு

பையின் பட்டியலில் போட்டிருக்கும் அளவுகளில் வெளியளவை நம்பாதீர்கள். திணிப்பு இரண்டு பக்கமும் சேர்ந்து 2 முதல் 3 செ.மீ. சாப்பிடும். டேப் எடுத்துப்போய் உள்ளே அளங்கள்.

தோள்பையில் கேமராவை வைக்கச் சிறந்த முறை, வழக்கமாகப் பயன்படுத்தும் லென்ஸை மாட்டியபடியே, லென்ஸ் கீழ்நோக்கி இருக்க, உடலின் பின்புறத் திரை மேலே பார்க்க நிறுத்துவது. மூடியைத் திறந்ததும் பிடி கைக்குள் வந்துவிடும். 24-105 போன்ற லென்ஸ் மாட்டிய முழுச்சட்டக மிரர்லெஸ் கேமராவுக்கு இப்படி நிற்க சுமார் 18 முதல் 19 செ.மீ. உயரம் தேவை. லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடை (மறைப்புக் குழல்) நேராக மாட்டியே வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் 4, 5 செ.மீ. சாரலில் ஹூட் மாட்டியே இருப்பது நல்லது, லென்ஸ் முகத்தில் துளி விழுவதைப் பாதிக்குப் பாதி தடுக்கும். ஆகவே உள்ளுயரம் 22 முதல் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளவாக்கில் உடலுக்கு 14 செ.மீ., பக்கத்தில் ஒரு லென்ஸுக்கு 9 முதல் 10 செ.மீ., தடுப்புகள் சேர்த்து மொத்தம் 26 முதல் 28 செ.மீ. போதும். 30ஐத் தாண்டிய பையில் மூன்றாவது லென்ஸுக்கு இடம் கிடைக்கும். இடம் இருந்தால் லென்ஸும் வந்துவிடும், பிறகு தோள்வலியும் வரும். முன்பின் தடிமன் உள்ளே 11 செ.மீ., வெளியே 16க்குள் இருக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கவாத்து செய்த தேயிலைச் செடி இடுப்புயரம் நிற்கும், நடுவில் ஒற்றையடித் தடம். 18 செ.மீ. தடித்த பை ஒவ்வொரு வரிசையிலும் செடியில் உரசி, இலையில் தேங்கிய தண்ணீரையெல்லாம் துடைத்துக்கொண்டே வரும். வெளியே புடைத்த பைகளும் தொங்கும் வார்களும் உண்ணிச்செடி முள்ளில் மாட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலின் இருக்கைகளும் நெருக்கமானவை. மடியில் அடங்காத பையோடு ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி ஏறுவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பொறுமைக்கும் சோதனை.

பட்டை

பட்டை 5 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். 3 செ.மீ. பட்டை மூன்று கிலோவோடு கழுத்தடியில் கயிறு போல அறுக்கும். தோள் திண்டு நகர்த்தக்கூடியதாக இருப்பது நல்லது. தைத்து நிறுத்தியதென்றால் பட்டையின் நீளத்தை மாற்றும்போது திண்டு முதுகுக்கோ மார்புக்கோ போய்விடும். அடிப்பக்கம் ரப்பர் புள்ளி வைத்த திண்டு பருத்திச் சட்டையில் நன்றாகப் பிடிக்கும். வழுவழுப்பான மழைக்கோட்டின் மேல் பிடிக்கிறதா என்பதை மழைக்கோட்டைப் போட்டுத்தான் பார்க்க முடியும்.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் குறுக்காக மாட்டிப் பார்க்கும்போது சரியாக இருந்த பட்டை, ஸ்வெட்டர், ஜெர்கின், மழைக்கோட் என்று மூன்று அடுக்கு ஏறியதும் ஒரு சாண் போதாமல் போய், பை அக்குளுக்கடியில் வந்து நிற்கும். உயரமானவர்களுக்கு 140 செ.மீ. வரை நீளும் பட்டை வேண்டும். பையின் அடிப்பாகம் இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்பது சரியான உயரம். அதற்கும் கீழே இறங்கினால் இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பை தொடையில் மோதி முன்னால் ஆடும், ஆளைத் தள்ளும். லாம்ஸ் ராக், டால்பின் நோஸ் மாதிரியான செங்குத்துப் பாறைக் காட்சிமுனையில் ஓரமாகக் குனிந்து படம் எடுக்கும்போது பை திடீரென்று முன்னால் சரிந்து வருவது விளையாட்டல்ல. அதற்காகவே சில பைகளில் ஒல்லியான இரண்டாவது வார் ஒன்று இருக்கும். இடுப்பைச் சுற்றி மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும். இல்லாத பையிலும் இரண்டு பக்கமும் வளையம் இருந்தால் நீங்களே ஒரு வார் மாட்டிக்கொள்ளலாம்.

பட்டை பையோடு சேருமிடத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். இன்னும் உறுதியானது, பட்டை பக்கவாட்டிலிருந்து இறங்கி அடிப்பாகத்தையே சுற்றித் தாங்கும் அமைப்பு. வெறும் பக்கத் தையலுக்குள் 2 செ.மீ. செருகி ஒற்றைத் தையல் போட்ட பை, பேருந்தில் யாராவது பட்டையைப் பிடித்து இழுத்தாலே வாய் பிளக்கும். கொக்கி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொக்கி சுழலும் கழுத்தில்தான் விரிசல் விடுகிறது. விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் மொத்தமாகக் கையில் வந்துவிடும். டி வளையத்தின் முனைகள் பற்றவைத்து மூடியிருக்கின்றனவா என்பதை நகத்தால் தடவிப் பார்க்கலாம். இடைவெளி தட்டுப்பட்டால் பாரத்தில் அது மெல்ல விரியும்.

ஈரம் எந்த வழியாக வருகிறது

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதெல்லாம். முதலில் எந்த மழை என்று பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானி என்று மேற்குப் பக்கம் நனையும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம். கொடைக்கானலுக்கு இரண்டும் உண்டு, வடகிழக்கில் கூடுதல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளுக்கு ஏற்ற பை எதுவும் இல்லை, வீட்டில் இருந்துவிடுங்கள். நாம் பேசுவது மிச்ச நாட்களின் சாரலும் மூடுபனியும் பற்றி. கொட்டும் மழையில் எல்லோரும் ஒதுங்குவார்கள். சாரலில் யாரும் ஒதுங்குவதில்லை, அதனால் பைக்கு அதிகக் கேடு சாரலால்தான்.

துணி: நைலான், அதன் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு. இதுதான் பரவலான வகை. 1000 டெனியர் கார்டுரா, 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான் என்று எழுதியிருப்பது நூலின் தடிமனை. உரசலைத் தாங்குவதை அது சொல்லும், தண்ணீரைத் தடுப்பதைச் சொல்லாது. தண்ணீரைத் தடுப்பது பூச்சு. வெளிப்புறத்தில் தாமரை இலை போலத் துளி உருண்டோடச் செய்யும் இன்னொரு பூச்சு இருக்கும். அது சில மாத உரசலில் போய்விடும், தெளிப்பானால் புதுப்பிக்க வேண்டும். மெழுகு ஏற்றிய கேன்வாஸ் அழகு, மழையையும் தாங்கும். மடிப்புகளில் மெழுகு விட்ட இடத்தில் மட்டும் கசியும். மெழுகில்லாத பருத்திக் கேன்வாஸ் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. 1970களில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜிம் டாம்கே வடிவமைத்த டாம்கே பை அந்த வகை. சமவெளியில் இன்றும் அருமையான பை. இங்கிலாந்தின் பில்லிங்காம் நிறுவனம் மீன்பிடிப்பவர்களுக்கான பையில் தொடங்கியது. அதன் கேன்வாஸில் இரண்டு துணி அடுக்குக்கு நடுவே ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கும். விலை கொடுக்க முடிந்தால் மலைக்கு நல்ல கேன்வாஸ் அதுதான்.

ஜிப்: மேலே ஒரு ஜிப் மட்டும் இருக்கும் பையை மழைப் பக்கத்துக்கு வாங்க வேண்டாம். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் ஜிப் பல்லில் தண்ணீர் தேங்கி, பல் வழியே இறங்கும். ரப்பர் பூசிய ஜிப்பும் சாரலைத் தாமதப்படுத்துமே ஒழிய நிறுத்தாது. இரண்டு இழுப்பான்கள் சந்திக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சிறு ஓட்டை உண்டு. ஜிப்பின் மேல் மடிந்து விழும் மூடி வேண்டும், அந்த மூடி முன்பக்கம் பாதிவரை இறங்க வேண்டும், இரண்டு பக்கமும் காது போல 4, 5 செ.மீ. மடங்க வேண்டும். காது இல்லாத மூடிதான் மலையில் பையை நனைக்கும் முதல் குற்றவாளி, ஏனென்றால் இங்கே சாரல் மேலிருந்து விழுவதில்லை, காற்றோடு குறுக்கே வருகிறது.

பட்டை வழி: இதை யாரும் பார்ப்பதில்லை. மழைக்கோட்டில் வழியும் தண்ணீர் பட்டையில் இறங்கி, பட்டை பையைத் தொடும் இடத்துக்கு வந்து, அங்குள்ள ஊசித்துளை வழியாக உள்ளே போகும். பையை முடிந்தால் மழைக்கோட்டுக்கு உள்ளேயே மாட்டுங்கள். வெளியேதான் என்றால் பட்டை சேருமிடம் மூடியின் காதுக்கு வெளியே, தாழ்வாக இருக்கும் பையைத் தேர்ந்தெடுங்கள்.

திணிப்பு: ஃபோமில் இரண்டு வகை. அழுத்தினால் நுங்கு போலக் கொஞ்சம் எதிர்த்து உடனே எழும்புவது மூடிய அறை ஃபோம், தண்ணீர் குடிக்காது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் போல அமுங்குவது திறந்த அறை ஃபோம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் லென்ஸுக்கு ஆவி பிடிக்கும். ஒட்டும் தடுப்புகளில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினாலே வித்தியாசம் தெரியும். வாங்கிய பிறகு உறுதிசெய்ய, ஒரு தடுப்பை வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிவைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். துணி மட்டும் நனைந்தால் எடை சற்றே கூடும். இரண்டு மடங்கானால் அது ஸ்பாஞ்ச்.

திணிப்பு மொத்தமும் தனிப்பெட்டியாக வெளியே வந்துவிடும் பைகள் மலைக்கு மிகவும் ஏற்றவை. வெளிப்பையைத் தனியாக உலர்த்தலாம், உள்பெட்டியைத் தனியாக. இப்படிப்பட்ட உள்பெட்டி தனியாகவும் விற்கிறார்கள். உள்ளே 26 × 11 × 22 செ.மீ. அளவில் ஒன்று வாங்கி, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் உறுதியான நைலான் தோள்பைக்குள் வைத்தால் பாதிச் செலவில் வேலை முடியும். கேமரா பை என்று ஊருக்கே தெரியாமல் இருப்பது கூடுதல் லாபம்.

மழையுறை: பையோடு வரும் உறை அவசியம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி மூடி சரியில்லாத பையை வாங்காதீர்கள். உறையைக் கழற்றாமல் கேமரா எடுக்க முடியாது, கழற்றிய ஒவ்வொரு முறையும் பை நனையும். உறை என்பது நடந்து போகும்போதும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதும். பிளாஸ்டிக் கேரி பையைக் கவிழ்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வருபவர்கள் சோதனைச் சாவடியிலேயே அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும், இரண்டு மலையிலும் அதற்குத் தடை. இரவில் ஈர உறையைப் பையின் மேலேயே விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

அடிப்பாகம் ரப்பர் பூசியதோ, நான்கு குமிழ் வைத்ததோ நல்லது. எவ்வளவு சொன்னாலும் ஒருநாள் பனி படர்ந்த புல்லில் பையை வைக்கத்தான் போகிறீர்கள்.

திறக்கும் விதம்

மூடி உங்கள் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, உடம்பை நோக்கித் திறக்கிறதா? வெளியே திறக்கும் ஜிப் மூடியில் திறந்த வாய் உங்கள் பக்கம், கை நேராக உள்ளே போகும். உடம்பை நோக்கித் தூக்கும் மடிப்பு மூடி மழைக்கு நல்லது, ஆனால் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மழைப் பக்கம் அதிகம் போவீர்கள் என்றால் இரண்டாவதையே எடுங்கள், கைக்குப் பழகிவிடும்.

வெல்க்ரோ மூடி 'கர்ர்' என்று கிழிந்தால் கோத்தகிரி லாங்வுட் சோலையில் அதுவரை பாடிக்கொண்டிருந்த சிரிப்பான் பறவை புதருக்குள் போய்விடும். சத்தத்தை மறைக்கும்படி வெல்க்ரோவை மடித்து ஒட்டும் வசதி சில பைகளில் உண்டு. இல்லாவிட்டால் வெல்க்ரோவின் சொரசொரப் பாதியின் மேல் அதே அளவு மென்துணிப் பாதியை வெட்டி ஒட்டிவிட்டு, மூட பக்கிள் மட்டும் பயன்படுத்தலாம். பக்கிள் குளிரில் விறைத்த விரலுக்கும், கையுறைக்கும் அடங்குகிறதா பாருங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சின்னப் பக்கிள் பெரிய தொல்லை.

உள்துணி வெளிர் சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கறுப்பு மூடிகள் தேடாமல் கிடைக்கும். கறுப்புப் பைக்குள் கறுப்பு லென்ஸ் மூடியை மூடுபனியில் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கார்டுக்கு ஜிப் வைத்த சிறு பை ஒன்று போதும். உபரி பேட்டரிக்குப் பையில் இடமே வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், ஆகவே சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு இருக்கட்டும். ஈரத் துணிக்கு மட்டும் வெளிப்பக்கம் தனிப் பை வேண்டும். கேமராவின் மேல் விழுந்த துளியை ஒற்றி எடுக்க மைக்ரோஃபைபரை விட மெல்லிய ஈரிழைத் துண்டு மேல். நிறைய உறிஞ்சும், பிழிந்தால் மறுபடி தயார், தேவைப்பட்டால் தலைக்கும் ஆகும். லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் மைக்ரோஃபைபர்.

குரங்குகளைச் சொல்லாமல் விட முடியாது. தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா, கொடைக்கானல் தூண் பாறை என்று சுற்றுலாக்காரர்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய இடங்களில் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்ட குரங்குகள் உண்டு. வர்க்கியும் பிஸ்கெட்டும் கேமரா பைக்குள் வேண்டாம், கவர் சரசரக்கும் சத்தமே அழைப்பிதழ். ஜிப்புக்கு மேலே பக்கிளும் பூட்டிய பை அவற்றின் பொறுமையைச் சோதிக்கும். பையைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு இரண்டு எட்டு நகர்வதுதான் ஆபத்து.

பேருந்தில் மேல்தட்டில் வைக்காதீர்கள். மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் 14, ஊட்டி-மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏதாவது ஒன்றில் பை இறங்கிவிடும். மடியில் வையுங்கள், பட்டையைத் தோளிலேயே விட்டுவிடுங்கள்.

பை அலமாரி அல்ல

நல்ல பை வாங்கியவர்களின் லென்ஸிலும் பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம், வீட்டுக்கு வந்ததும் பையோடு அலமாரியில் வைத்துவிடுவது. திணிப்பும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், உள்ளே இருட்டு, காற்றோட்டம் இல்லை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? லென்ஸுக்கு ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். மழைக்கால ஊட்டியில் வெளிக்காற்று 90ஐத் தாண்டும், ஜன்னலைத் திறந்துவைத்துக் காயவைப்பது அங்கே நடக்காது. சூடு வேண்டும். 14 டிகிரியில் 95 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 57 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மர அலமாரிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிடும் பழக்கத்தின் கணக்கு இதுதான். காலிப் பையையும் உள்பெட்டியையும் வாய் திறந்து அந்த அலமாரியில் வையுங்கள், பல்பைத் துணி தொடாத தூரத்தில். கேமராவும் லென்ஸும் உலர்பெட்டியிலோ, காற்றுப்புகா டப்பாவில் 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல்லோடோ இருக்கட்டும். நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். சிலிக்கா பொட்டலத்தைப் பையில் போட்டு மூடியைத் திறந்து திறந்து மூடினால் பயன் இல்லை. அந்துருண்டை ஈரத்தை இழுக்கவே இழுக்காது.

ஆனால் பையைத் திறக்கக் கூடாத ஒரு நேரமும் உண்டு. விடியற்காலையில் 8 டிகிரி குளிரில் இருந்த கேமராவோடு, ஹீட்டர் போட்ட அறைக்குள்ளோ பாய்லர் கொதிக்கும் டீக்கடைக்குள்ளோ நுழைந்தால் பையை மூடியே வைத்திருங்கள். 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 17 டிகிரிக்குக் குறைவான எந்தப் பொருளில் பட்டாலும் வியர்க்கும். மூடிய பைக்குள் கேமரா மெல்லச் சூடாகட்டும். சிறிய லென்ஸுக்கு ஒரு மணி நேரம், பெரிய லென்ஸுக்கு அதற்கு மேல். திணிப்பு அடர்த்தியான பைக்கு மலையில் உள்ள உண்மையான நன்மை இதுதான், அடிபடாமல் காப்பது அடுத்தபடி. கார்டை மட்டும் குளிரிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பழைய பை வாங்குவதானால்

பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் மெல்லச் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும், பிறகு வெள்ளைச் செதிலாக உதிரும். அந்தச் செதில் லென்ஸ் மாற்றும்போது சென்சாருக்குப் போகும். இதற்கு மருந்து கிடையாது. பாதி விலைக்குப் பெரிய நிறுவனத்தின் பை கிடைக்கிறது என்றால் உள்பக்க மூலைகளை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வெல்க்ரோ பிடிப்புப் போனதை மாற்றலாம், ஜிப் இழுப்பானை மாற்றலாம், பட்டையை எந்த பை தைக்கும் கடையிலும் தடித்த நைலான் நூலால் மறுபடி தைக்கலாம். பூச்சு போன பை போனதுதான். உள்ளே பூசண வாடை அடிக்கும் பையும் அப்படியே. வெளித்துணியை வெயிலில் காயவைத்துத் தேய்த்துவிடலாம், ஃபோமுக்குள் போனது வெளியே வராது.

கடையில் அரை மணி நேரம்

உங்கள் கேமராவையும், நீங்கள் போடும் அதே ஜெர்கினையும் மழைக்கோட்டையும் கொண்டுபோங்கள். கேமராவை எடுத்துப்போக மனமில்லையென்றால் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் மூன்று. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, குறுக்காக மாட்டி, கடையின் மாடிப்படியில் நான்கு முறை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது பை முன்னால் வருகிறதா என்று பாருங்கள். குனிந்து ஷூ கயிறு கட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேமராவை வெளியே எடுத்து, லென்ஸ் மாற்றி, மறுபடி உள்ளே வையுங்கள். தடுப்பு மடங்கி லென்ஸும் லென்ஸும் மோதினால் தடுப்பு போதாது. பட்டையைப் பிடித்துப் பையோடு பலமாக ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தண்ணீர்ச் சோதனை வீட்டில், வாங்கிய அன்றே. பைக்குள் டிஷ்யூ காகிதத்தை மூலைகளிலும் பட்டை சேருமிடத்தின் உட்புறத்திலும் ஒட்டி, தோளில் மாட்டுவது போலக் கொடியில் தொங்கவிட்டு, பூவாளியால் மேலிருந்து ஐந்து நிமிடம், பக்கவாட்டிலிருந்து ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். திறந்து எந்தக் காகிதம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டைப் பக்கம் மட்டும் என்றால் உட்புறத் தையலின் மேல் தையல் அடைப்புப் பசை தடவினால் சரியாகும். மூடிக்கு நேர் கீழே நனைந்திருந்தால், பையை நன்றாக உலர்த்தி பில்லோடு திருப்பிக் கொண்டுபோங்கள். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.